பழைய உலாவிகளில் தமிழ் அட்டவணை – ஒரு வரலாற்று நோக்கு

துறைமுக நகரொன்றில் வாழ்வோர்க்கு அட்டவணை என்பது அந்நியமான பொருளன்று. கப்பல்களின் வரவும் புறப்பாடும், கடலின் வற்றும் பெருக்கும், புகையிரதத்தின் நேரமும் நிரையும் நிரலுமாகவே அவர்களை வந்தடைகின்றன. திருகோணமலையிலே கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. ஆதலால் வற்றுப்பெருக்கு அட்டவணையை எம்மூர்ச் சாதாரண மக்கள் தேடுவதில்லை. அவர்கள் தேடியது கொட்டியாரக்குடாவைக் கடந்து மூதூருக்குச் செல்லும் லோஞ்சின் நேர அட்டவணையையே. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுவதற்கு முன்னர் தரைவழியே மூதூர் செல்வோர் துறைகளிற் பாதைக்காகக் காத்து நிற்கவேண்டியிருந்தது. அத்தகைய காலத்தில் லோஞ்சு எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது ஒரு நாளின் போக்கையே நிர்ணயித்த செய்தியாகும்.

தமிழ்க் கணினியின் வரலாற்றை எழுதப் புகுவோர் எழுத்துருவையும் விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் விரிவாக நோக்குவர். தமிழ் எழுத்து அட்டவணையின் கலத்துக்குள் புகுந்தபோது நேர்ந்த இடர்ப்பாடோ பெரும்பாலும் கவனிப்பாரற்றுப் போயிற்று. 1990களின் பிற்கூற்றிலும் 2000களின் முற்கூற்றிலும் இருந்த உலாவிகளில் அட்டவணையின் தோற்றத்தைச் சீராக்கத் தமிழ்ப் பக்கங்களை ஆக்கியோர் என்னென்ன செய்தனர், அவை எவற்றை விட்டுச்சென்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயம் என் கவனத்துக்கு வந்தது ஒரு நெகிழ்வட்டு வாயிலாக. என் தாய்மாமன் அக்காலத்தில் எமது நகரிலே தொலைபேசி, தட்டச்சு, கணினி வடிவமைப்பு ஆகியன செய்துகொடுக்கும் சிறு கடையொன்றை நடத்தியவர். 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், பல ஆண்டுகளாக ஊர் திரும்பாதிருந்தோர் பலர் வெளிநாடுகளிலிருந்து வரத் தொடங்கினர். அவர்கட்கு உதவுமென எண்ணி அவர் ஓர் இணையப் பக்கத்தை ஆக்கினார். அதன் நடுவே 12 நிரைகளும் 6 நிரல்களும் கொண்ட அட்டவணையொன்று இருந்தது. லோஞ்சு, பேருந்து, புகையிரதம் ஆகியவற்றின் நேரங்கள் அதில் இடம்பெற்றன. தட்டச்சுப் பொறியிற் பழகிய கைகளாதலால் இலங்கையிற் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவையே அவர் பயன்படுத்தினார்.

கடையிலிருந்த கணினியின் இன்ரர்நெற் எக்ஸ்புளோரரில் யாவும் செவ்வனே தெரிந்தன. சில நாட்களில் ரொறொன்ரோவிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நேரமெல்லாம் தெரியுது. எந்த ஊருக்கு எண்டுதான் தெரியேல்லை” என்றாராம். அவரிடமும் பாமினி எழுத்துரு இருந்தது. பக்கத்தின் முன்னுரையைத் தடையின்றிப் படித்திருக்கிறார். அட்டவணைக்குள் மட்டும் தமிழ் இல்லை. அவரது உலாவி நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு.

பாமினி போன்ற எழுத்துருக்கள் உரோம எழுத்துக்களுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. ‘தமிழ்’ என்ற சொல்லைக் கணினி ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு உரோம எழுத்துக்களாகவும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியாகவுமே சேமித்துக்கொள்ளும். அதனைப் பாமினி என்ற முகமூடியூடே பார்க்குமிடத்துத் தமிழ் தோன்றும். முகமூடி நழுவின் பொருளற்ற உரோம எழுத்து நிற்கும். எண்கள் இரு பக்கத்திலும் ஒரே இடத்தில் இருந்தமையால் அவை மாறவில்லை. எனவேதான் நேரம் நின்றது, ஊர் மறைந்தது. ஆங்கிலப் பக்கமொன்றில் எழுத்துருவைப் பறிகொடுத்த அட்டவணை சற்று அழகு குன்றும், அவ்வளவே. தமிழ்ப் பக்கத்தில் அது மொழியையே இழந்தது. உலகெங்கும் வடிவமைப்பாளரின் சிறு சினத்துக்குரியதாயிருந்த ஒரு குறைபாடு எமக்கு வாசிப்பின் சிக்கலாக உருமாறியமைக்கு இதுவே காரணமாகும்.

இக்குறைபாடு எங்ஙனம் தோன்றிற்று? ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையமாகிய சேர்னில் ரிம் பேர்ணர்ஸ்-லீ ஆக்கிய எச்.ரி.எம்.எல். மொழியின் தொடக்க வடிவில் அட்டவணைக்கு இடமே இருக்கவில்லை. நிரல்கள் வேண்டுவோர் சம அகல எழுத்தில் இடைவெளிகளை எண்ணி இட்டு ஒப்பேற்றினர். ஆங்கிலத்துக்கு அது ஒருவாறு பொருந்தியது. தமிழுக்கோ ‘ர’ ஓர் அகலம், ‘ணை’ வேறோர் அகலம். இடைவெளியால் நிரல் அமைக்கும் வழி எமக்குத் தொடக்கம் முதலே அடைபட்டிருந்தது. 1995 இல் நெட்ஸ்கேப் 1.1 அட்டவணைக் குறிச்சொற்களை ஏற்றது. டேவ் றாகற் எழுதிய அட்டவணை விதிமுறை 1996 மே மாதத்திலும், அதனை உள்ளடக்கிய எச்.ரி.எம்.எல். 3.2 பரிந்துரை 1997 ஜனவரியிலும் வெளியாயின. அட்டவணை தரவுக்கெனத் தோன்றியதாயினும், பக்கம் முழுவதையும் பத்திகளாகப் பிரித்து அடுக்கும் சட்டமாகவே வடிவமைப்பாளர் பலரும் அதனைக் கையாண்டனர். செய்தித்தாளின் பத்தியமைப்பை இணையத்திற் கொணர விழைந்த தமிழ் இதழ்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

ஹோக்கன் வியூம் லீ 1994 இல் முன்மொழிந்த நடைத்தாள் முறையின் முதற் பரிந்துரை 1996 டிசெம்பரில் வெளிவந்தது. தாய்க் கூறுக்கு விதித்த எழுத்துரு அதனுள் அடங்கிய கூறுகளுக்கும் வழிவழி இறங்கும் என்பது அதன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. அக்கோட்பாட்டின்படி பக்கத்தின் உடலுக்குப் பாமினி என ஒருமுறை எழுதினாற் போதும். 1997 இல் வெளியான நெட்ஸ்கேப் 4 இதனை அரைகுறையாகவே நிறைவேற்றியது. அவ்வுலாவி நடைத்தாளைத் தன் உள்ளே ஜாவாஸ்கிரிப்ற் வழியாகக் கையாண்டது. பயனர் ஜாவாஸ்கிரிப்றை நிறுத்திவிட்டால் நடைத்தாளும் உடன் நின்றுவிடும். உடலுக்கு விதித்த எழுத்துரு பந்திகளில் இறங்கியபோதும் அட்டவணையின் வாயிலில் நின்றுவிட்டது. கலங்கள் உலாவியின் இயல்பான எழுத்துருவையே மீண்டும் எடுத்துக்கொண்டன. மாமாவின் பக்கத்துக்கு நேர்ந்ததும் இதுவே. உடலுக்கு எழுதிய ஒரு விதியை மாத்திரம் அவர் நம்பியிருந்தார்.

திருத்தத்துக்கு இரு வழிகள் வழக்கிலிருந்தன. முதலாவது, ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எழுத்துருக் குறிச்சொல்லைத் திறந்து மூடுவது. மாமா முதலில் இதனையே செய்தார். நெகிழ்வட்டில் உள்ள இரண்டாம் பிரதியில் 72 கலங்களிலும் பாமினியின் பெயர் இருக்கின்றது. திறக்கும் குறிச்சொல்லுக்கு 20 எழுத்து, மூடும் குறிச்சொல்லுக்கு 7, ஆக 27. எழுபத்திரண்டு கலங்களுக்கும் 1944 எழுத்துக்கள். இத்தகைய பக்கங்கள் பருத்துவிட்டன, தொலைபேசி வழி இணைப்பில் இறங்க நேரமெடுத்தன என்று குறை கூறுவது வழக்கம். இவ்வட்டவணையைப் பொறுத்தவரை அக்குறை மிகைக் கூற்றே. இரண்டு கிலோபைற்றுக்கும் குறைவான சுமை அன்றைய 56 கே மோடத்துக்கும் பெரிதன்று. உண்மையான விலை பராமரிப்பில் இருந்தது. எழுத்துருவை மாற்ற விரும்பின் 72 இடங்களில் மாற்றவேண்டும். ஒன்றை மறந்தால் அந்த ஓர் ஊர் மட்டும் மறையும். மறந்திருக்கிறார், எட்டாம் நிரையில் ஒரு கலத்தில் மூடும் குறிச்சொல் இல்லை.

இந்த வேலையை நோக்கும்போது அச்சுக்கூடத்தின் நினைவே எழுகின்றது. ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய காலந்தொட்டு, ஈயவெழுத்து மறையும் வரை, அச்சுக்கோப்பவர் அட்டவணையைக் கட்டமொன்றாய்க் கட்டினார். பித்தளைக் கோடுகளை நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்துள்ளும் எழுத்தையும் வெற்றுத் துண்டையும் கைவிரலால் அடைத்தார். மேலிருந்து கீழ்வரை தானே இறங்கிவரும் எழுத்து அவருக்குக் கிடையாது. கணினி அந்த உழைப்பை ஒழிக்க வந்ததெனக் கூறப்பட்டது. பழைய உலாவியோ தட்டச்சுத் தெரிந்த ஒருவரை மீண்டும் அச்சுக்கோப்பவராக்கிவிட்டது. (திருகோணமலைக்கு அச்சின் தொலைவு புதிதன்று. எம்மூர்ச் சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ நாவல் 1895 இல் சென்னையிலேயே அச்சேறியது.)

இரண்டாவது வழி எளிதானது. எழுத்துரு விதியை உடலுக்கு மட்டும் எழுதாது, உடல், கலம், தலைப்புக் கலம் ஆகிய மூன்றின் பெயரையும் அடுக்கி ஒரே விதியாக எழுதுவது. உடலிலிருந்து இறங்காததை நேரே கலத்துக்கு ஊட்டுதல் என இதனைக் கூறலாம். அக்கால வடிவமைப்பாளர் பலர் ஏனென்று அறியாமலே இவ்வரியைப் பிரதிசெய்து வந்தனர். ஆங்கிலப் பக்கங்களில் இதனோடு கதை முடிந்தது. தமிழில் முடியவில்லை. ஒரு கலத்தில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அம்முகவரியின் உரோம எழுத்துக்களும் பாமினி முகமூடியை அணிந்து பொருளற்ற தமிழாகிவிடும். முன்னர் தமிழ் உரோமமாயிற்று. இப்போது உரோமம் தமிழாயிற்று! எனவே ஆங்கிலக் கலங்களுக்கெனத் தனி வகுப்பொன்றைப் பெயரிட்டு, அவற்றுக்கு வேறெழுத்துரு விதிக்கவேண்டியதாயிற்று. மாமாவின் மூன்றாம் பிரதி இவ்வாறே அமைந்துள்ளது. ரொறொன்ரோவிலிருந்து மறுபடி அழைப்பு வந்ததாகவும், இம்முறை மூதூர் தெரிந்ததாகவும் அவர் கூறுகின்றார்.

வேறு சில குறும்புகளும் இருந்தன. நெட்ஸ்கேப் 4 இல் வெற்றுக் கலத்துக்குப் பின்னணி நிறமும் கோடும் வாரா; பல் விழுந்த வாய்போல் அட்டவணை தோன்றும். பிரியா இடைவெளி எனப்படும் குறியொன்றை வெற்றுக் கலத்தில் இட்டு அதனை நிரப்பினர். அட்டவணையின் மூடும் குறிச்சொல்லை மறந்தாலோ அவ்வுலாவி அட்டவணையை முழுதாகவே மறைத்துவிடும். இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் அத்தவறைப் பொறுத்துக்கொண்டமையால், ஆக்கியோன் தன் கணினியிற் பிழையைக் காணவே இயலாது. கலங்களுக்கிடையிலான இடைவெளியை நடைத்தாளால் விதிக்கும் வசதி, 1998 இன் இரண்டாம் நடைத்தாள் பரிந்துரையில் இருந்தும், இன்ரர்நெற் எக்ஸ்புளோரருக்கு அதன் எட்டாம் பதிப்பிலேயே, அதாவது 2009 இலேயே வந்தது. அதுவரை அட்டவணைக் குறிச்சொல்லுக்குள்ளேயே அவ்வளவை எழுதுவதன்றி வேறு வழி இல்லை.

இனி, கலத்தைத் திருத்தாமலே இச்சிக்கலைக் கடந்த ஒரு மரபையும் நோக்குதல் வேண்டும். கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் முதலியோர் 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழருடன் கூடி வகுத்த தகுதரக் குறியேற்றத்தில் உரோம எழுத்துக்கள் தம் இடத்திலேயே விடப்பட்டு, மேற்பாதியில் உள்ள இடங்களே தமிழுக்கு ஒதுக்கப்பட்டன. பக்கத்தின் குறியேற்றம் ‘பயனர் வரையறுத்தது’ என அறிவிக்கப்படும். வாசகர் தம் உலாவியில் அவ்வகைக்கெனத் தமிழெழுத்துரு ஒன்றை ஒருமுறை தெரிவுசெய்துகொள்வர். அதன்பின் எழுத்துருவைத் தீர்மானித்தது பக்கமன்று, வாசகரின் உலாவியே. ஆதலால் அட்டவணையின் வாயிலில் தடுக்கப்படுவதற்கு ஏதுமில்லை. கலத்திலும் பந்தியிலும் ஒரே தமிழ். மின்னஞ்சல் முகவரியும் பிழைத்துக்கொள்ளும். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை இக்குறியேற்றத்திலேயே வெளியிட்டு வந்தது. இம்முறையிலும் இடர்கள் இருந்தன. ‘இ’ எழுத்துக்கு வழங்கிய 173 ஆம் இடம் மென்கோட்டுக்குரிய இடமாதலால் சில மென்பொருள்கள் அதனை விழுங்கிவிட்டன. பின்னர் அவ்வெழுத்துக்கு 254 ஆம் இடமும் வழங்கப்பட்டது.

சென்னையில் 1999 பெப்ரவரியில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையையும் தாம், தாப் என்னும் குறியேற்றங்களையும் ஏற்றது. ஆயின் இலங்கையிலே தட்டச்சகங்களும் அச்சகங்களும் பாமினியை விடவில்லை. இதனை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது என்பது என் கருத்து. கைப்பழக்கம் ஒரு முதலீடு. தட்டச்சுப் பொறியிற் பத்தாண்டு உழைத்தவர் எழுத்தொழுங்கை மாற்றின், முதல் மாதத்து வருமானத்தை இழப்பார். அட்டவணைக் கலங்களை ஒவ்வொன்றாகத் திருத்துவது அவருக்கு அதனினும் மலிவாயிருந்தது. குறியேற்ற வரலாறுகள் மாநாடுகளின் தீர்மானங்களைக் கொண்டு எழுதப்படுமிடத்து இக்கணக்கு விடுபட்டுப்போகின்றது.

எழுத்துருவை வாசகர் தாமே நிறுவவேண்டிய தொல்லையை நீக்க, 1997 இல் இரு வழிகள் தோன்றின. இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 4 ஒருவகை இறங்கும் எழுத்துருவையும், நெட்ஸ்கேப் 4 பிற்ஸ்ரீம் நிறுவனத்தின் வேறொருவகையையும் ஏற்றன. ஒன்று மற்றொன்றிற் செல்லாது. இருவகைக் கோப்பையும் ஆக்கி வைத்தாலும் அட்டவணைக் கலத்துக்கு விதி எழுதாவிடின் பயனில்லை.

முடிச்சு அவிழத் தொடங்கியது இரு திசைகளிலிருந்து. ஒன்று உலாவியின் பக்கம். 2000 இல் மக்கின்ரொஷ் கணினிக்கு வெளியான இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 5, பக்கத்தின் தலைவரியில் உள்ள ஆவணவகை அறிவிப்பைக் கொண்டு இருவகையாக நடந்துகொண்டது. முறையான அறிவிப்பு இருப்பின் விதிமுறைப்படி. இல்லையேல் பழைய பிழைகளோடு. மொசில்லாவும், 2001 இல் வெளியான எக்ஸ்புளோரர் 6 உம் அவ்வழியையே பின்பற்றின. பழைய நடத்தையில் எழுத்தின் பருமனும் தடிப்பும் வரியுயரமும் அட்டவணைக்குள் இறங்கா. விதிமுறை நடத்தையில் இறங்கும். இதன்படி பல பக்கங்களின் திருத்தம் தலைப்பில் ஒரு வரி சேர்ப்பதாகச் சுருங்கியது. அவ்வரியைச் சேர்த்தவர் சிலருக்குப் புதுத் தொல்லையும் வந்தது: கலங்களில் வைத்த படங்களின் கீழே சிறு வெளிகள் தோன்றி, துண்டுபடுத்திய சித்திரங்கள் பிளந்தன. எரிக் மேயர் 2002 இல் இதற்கு விளக்கம் எழுதினார். அவ்வாண்டிலேயே மொசில்லாவில் ‘ஏறத்தாழ விதிமுறை’ என்றொரு மூன்றாம் நடத்தையும் ஏற்படுத்தப்பட்டது. பிழையை நம்பிக் கட்டிய வீட்டுக்குப் பிழையைத் திருத்துவதும் ஆபத்தாகின்றது.

மற்றைய திசை குறியேற்றத்தினது. ஒருங்குறியிலே தமிழுக்கு 1991 இன் முதற் பதிப்பிலேயே இடமிருந்தபோதிலும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வெளிவந்த பின்னரே சாதாரணக் கணினியில் அது பயன்படலாயிற்று. ஒருங்குறியில் ‘மூதூர்’ என்பது எவ்வெழுத்துருவிலும் மூதூரே. கலத்துக்குள் விதி இறங்காவிடினும் உலாவி தானே வேறொரு தமிழெழுத்துருவைத் தேடி எடுத்துக்கொள்ளும். அட்டவணையின் தோற்றக் குறை மீண்டும் தோற்றக் குறையாகவே சுருங்கிற்று. ஆங்கிலத்தார் தொடக்கத்திலிருந்தே நின்ற இடத்துக்கு நாம் வந்துசேர எடுத்த காலம் இவ்வளவு. நெட்ஸ்கேப்புக்கான ஆதரவு 2008 மார்ச்சிலும், இன்ரர்நெற் எக்ஸ்புளோரருக்கானது 2022 ஜூனிலும் முடிவுற்றன.

உலாவிகள் மறைந்தன, அவற்றுக்காக எழுதப்பட்ட பக்கங்கள் நெகிழ்வட்டுக்களிலும் இறுவட்டுக்களிலும் கிடக்கின்றன. மாமாவின் மூன்று பிரதிகளையும் இன்றைய உலாவியொன்றில் திறந்து பார்த்தேன். பாமினி இல்லாத கணினியில் மூன்றும் ஒருபோலவே உரோம எழுத்துக் குவியலாயின. பாமினியை நிறுவியபின் மூன்றும் தமிழாயின. 2002 இல் ரொறொன்ரோவைத் தடுத்த முதற் பிரதியும் இன்று தடையின்றித் தெரிகின்றது. இவ்விடத்தில் ஆய்வாளர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். இன்று திரையிற் காண்பதைக் கொண்டு அன்று வாசகர் கண்டதை ஊகிக்க இயலாது. திருத்தப்பட்ட பக்கம் எது, திருத்தத்துக்கு முந்தியது எது என்பதை மூலக்குறியைத் திறந்து பார்த்தே அறியவேண்டும். அதனை ஒருங்குறிக்கு மாற்றிச் சேமிக்கும்போது, கலந்தோறும் இடப்பட்ட குறிச்சொற்களை வேண்டாத குப்பையெனத் துப்புரவாக்கிவிடுவது வழக்கம். அங்ஙனம் செய்யின் வரலாற்றுச் சான்றும் உடன் போய்விடும்.

ஓர் உதாரணம் கூறலாம். அவ்வட்டவணையிலே வெற்றாகத் தெரியும் கலங்கள் ஐந்து. திரையில் ஐந்தும் ஒன்றே. மூலக்குறியில் நான்கினுள் பிரியா இடைவெளி இடப்பட்டிருக்கின்றது, ஐந்தாவதனுள் ஏதுமில்லை. முன்னைய நான்கும் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டவை, அதாவது அந்நேரத்தில் அவ்வழியே பயணம் இல்லை எனக் கொள்ளவேண்டும். ஐந்தாவது, மூதூர் நிரலில் மாலை நேரத்துக்குரியது. அதைக் காட்டி மாமாவிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெற்றிக்குப் போய்க் கேட்டு வந்து நிரப்புவதற்காக விட்டிருப்பேன், பிறகு போகக் கிடைக்கவில்லைப் போலும் என்றார். நான் ஒருங்குறிக்கு மாற்றிய பிரதியில் அக்கலத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.